கைநாட்டு வைக்கும் முன்
(காளஹஸ்தி இரவுப் பள்ளியில் ஒரு தொண்டர் பேசியது)

 

இன்று புத்தகத்தை மூடி வையுங்கள். இன்று பாடம் இல்லை. ஒரு சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். அது என் அப்பாவின் சைக்கிள்.

என் அப்பா கலம்காரி வேலை செய்பவர். நம் ஊரில் அந்த வேலையை அறியாதவர் யார்? துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காய வைப்பார். மூங்கில் குச்சியைச் சீவி, அதில் துணி சுற்றி, மையில் தொட்டுத் தொட்டு வரைவார். அந்தக் குச்சிக்குத்தான் கலம் என்று பெயர். கலம் என்றால் பேனா. அப்பா முப்பது வருடம் பேனா பிடித்தவர். ஆனால் ஓர் எழுத்துகூட எழுதத் தெரியாது. ராமர் பட்டாபிஷேகம் முழுவதையும் வரைவார். தன் பெயரை எழுதச் சொன்னால் கட்டை விரலை நீட்டுவார்.

2017ஆம் வருடம் அது. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சொர்ணமுகி ஆற்றுக்கு அலசப் போனார். பின்னால் வந்த கார் ஒன்று இடித்தது. அப்பா கீழே விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. பேனா பிடிக்கும் கை அது.

கார்க்காரர் ஓடிப் போகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். மருத்துவமனைக்கும் கூட்டிப் போனார். சாயங்காலம் இன்னும் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். "போலீஸ், கோர்ட்டு என்று அலைந்தால் உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். மூவாயிரம் ரூபாய் கொடுத்தார். ஒரு தாளை நீட்டினார். "பணம் வாங்கியதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான்" என்றார். அப்பாவின் வலது கையில் மாவுக்கட்டு. இடது கட்டை விரலை மையில் தொட்டு வைத்தார்.

அந்தத் தாளின் ஜெராக்ஸ் ஒன்றை அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று நாள் கழித்து, துவைக்க எடுத்த சட்டையில் அதை நான் பார்த்தேன். தெலுங்கில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "நான் கவனிக்காமல் குறுக்கே வந்து விழுந்தேன். கார் மீது எந்தத் தவறும் இல்லை. போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போக மாட்டேன்" என்று இருந்தது.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எலும்பு கூடியது. ஆனால் மணிக்கட்டு முன்போல் திரும்பவில்லை. மெல்லிய கோடு போட வரவில்லை. இப்போது அப்பா மற்றவர்கள் வரைந்த துணியை அலசிக் கொடுக்கிறார். கூலி பாதிக்கும் குறைவு. நானும் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினேன்.

பல வருடம் கழித்து ஒரு சட்ட உதவி முகாமில் இதைச் சொன்னேன். அங்கிருந்த வக்கீல் அம்மா பொறுமையாகக் கேட்டார். "போலீசில் புகார் உண்டா?" என்றார். இல்லை. "கார் எண் தெரியுமா?" தெரியாது. "ஆஸ்பத்திரிச் சீட்டு?" தூக்கிப் போட்டுவிட்டோம். "இனி எதை வைத்து வழக்குப் போடுவது அம்மா?" என்றார். அன்றே அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். பிறகும் தெரிந்தவர்களிடம் விசாரித்து எழுதி வைத்தேன். அந்த நோட்டைத்தான் இன்று உங்கள் முன் விரிக்கிறேன்.

முதலில் உயிர்

அடிபட்டவுடன் 108க்குப் போன் செய்யுங்கள். பணம் வேண்டாம்.

"இது போலீஸ் கேஸ், முதலில் போலீஸ் வரட்டும்" என்று எந்த மருத்துவரும் சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது. இது 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. அதற்குக் காரணம் ஒரு விபத்து. ஸ்கூட்டரில் போன ஒருவர் மீது வேகமாக வந்த கார் மோதியது. அருகில் இருந்த மருத்துவமனை அவரைச் சேர்க்கவில்லை. இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறு மருத்துவமனைக்குப் போகச் சொன்னது. வழியிலேயே உயிர் போய்விட்டது. இதைப் பத்திரிகையில் படித்த ஒருவர் வழக்குப் போட்டார். உயிரைக் காப்பதே முதல் கடமை, மற்றவை எல்லாம் பிறகு என்று நீதிமன்றம் சொன்னது.

2025ஆம் வருடம் மே மாதம் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டவருக்கு, அரசு குறித்த மருத்துவமனைகளில், 7 நாள் வரை, 1,50,000 ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். சைக்கிளில் போனவருக்கும் உண்டு. நடந்து போனவருக்கும் உண்டு. மருத்துவமனையில் கேளுங்கள்.

இன்னொன்று. மருத்துவமனையில் "சைக்கிளிலிருந்து விழுந்தேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "கார் மோதியது" என்று சொல்லுங்கள். அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஏனென்றால் அந்தச் சீட்டு பின்னால் சாட்சி சொல்லும். எந்தச் சீட்டையும் எறியாதீர்கள். மருந்து ரசீது, எக்ஸ்ரே, ஆட்டோவுக்குக் கொடுத்த கூலி, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

எண்ணும் சாட்சியும்

காரின் எண்ணைப் பாருங்கள். எழுதுங்கள். பேப்பர் இல்லையா? கையில் எழுதுங்கள். பார்த்தவர்கள் யார், எந்த ஊர், போன் எண் என்ன என்று கேட்டு வையுங்கள். யாரிடமாவது செல்போன் இருந்தால் காரையும் சைக்கிளையும் கிடந்த இடத்திலேயே படம் எடுக்கச் சொல்லுங்கள்.

உதவி செய்பவர்கள் பயப்பட வேண்டாம். அடிபட்டவரைக் காப்பாற்றியவரைச் சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. நல்ல மனத்தோடு உதவியவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

மோதிய காரின் ஓட்டுநருக்கும் கடமை உண்டு. நிற்க வேண்டும். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அவர் நம்மை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால் அது நல்ல குணம்தான். ஆனால் அதோடு கடமை முடிந்துவிடாது.

போலீஸ் நிலையத்தில்

புகாரை எழுதித் தரலாம். வாயால் சொன்னாலும் அவர்கள் எழுத வேண்டும். எழுதியதை நமக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். எப்.ஐ.ஆர். என்று சொல்வது அதைத்தான். அதைக் கேட்டு வாங்குங்கள். அது நம் உரிமை. புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு.

நாம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். இங்கே நிலையத்தில் தெலுங்கில் எழுதுவார்கள். அது தவறு அல்ல. ஆனால் என்ன எழுதினார்கள் என்பது நமக்குப் புரிய வேண்டும். நம் வகுப்பில் படிக்கும் ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவர் கணவர் கொத்தனார். போன வருடம் ஒருநாள் விடியற்காலை இருவரும் ஒரே சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். நாயுடுபேட்டைச் சாலை. கார் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போனது. அண்ணனுக்குக் கால் முறிந்தது. பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து பார்த்தார். காரின் எண் தெரிந்தது. வகுப்புக்கு வந்து ஐந்தாவது மாதம் அது. ஒரு செங்கல் துண்டை எடுத்து, சாலை ஓரத்து மதகுச் சுவரில் அந்த எண்ணை எழுதினார். பிறகுதான் அழுதார்.

நிலையத்தில் புகாரை எழுதினார்கள். அக்கா, "படித்துக் காட்டுங்கள் ஐயா" என்றார். காவலர் படித்தார். "சைக்கிள் வலது பக்கம் வந்தது" என்று எழுதியிருந்தது. "நாங்கள் இடது பக்கம்தான் போனோம் ஐயா" என்றார். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருத்தினார். கேட்கும்போது எழுந்த பிழை அது. ஆனால் அந்த ஒரு சொல் அப்படியே இருந்திருந்தால் வழக்கே சாய்ந்திருக்கும்.

பணம் யார் தருவது?

இந்த விஷயம்தான் நம்மில் பலருக்குத் தெரியாது. கேளுங்கள்.

ஒரு விபத்துக்கு இரண்டு வழக்குகள் உண்டு. ஒன்று, போலீஸ் நடத்தும் வழக்கு. தவறாக வண்டி ஓட்டியவருக்குத் தண்டனை வாங்கித் தருவது அது. மற்றொன்று, அடிபட்டவர் போடும் இழப்பீட்டு வழக்கு. இதை நாம்தான் கேட்க வேண்டும். போலீஸ் வழக்கு நடக்கிறது, பணம் தானாக வரும் என்று இருந்துவிடக் கூடாது.

அப்பா அன்று என்ன சொன்னார் தெரியுமா? "பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர். அவர் வயிற்றில் அடிக்கலாமா?" என்றார். நம் சனங்களுக்கு அந்த ஈரம் உண்டு. ஆனால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். சாலையில் ஓடும் ஒவ்வொரு காருக்கும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். மற்றவருக்கு அடிபட்டால் கொடுப்பதற்கென்றே அந்த இன்சூரன்சைச் சட்டம் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. கார்க்காரர் அதற்குப் பணம் கட்டியிருக்கிறார். பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிதான் நமக்குப் பணம் தரும். அதைக் கேட்பது யார் வயிற்றிலும் அடிப்பது அல்ல. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் வண்டிக்காரரே தர வேண்டும்.

எங்கே கேட்பது? மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில். இது மாவட்ட நீதிமன்றங்களோடு சேர்ந்து இயங்கும். விபத்து நடந்த இடத்திலும் போடலாம். நாம் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். இங்கே அடிபட்டவர் திருத்தணிக்காரர் என்றால், வழக்குக்காக இங்கே நடையாய் நடக்க வேண்டாம். தம் பக்கத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

எப்போது கேட்பது? 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள். இதைச் சுவரில் எழுதி வையுங்கள். ஆறு மாதம்! போலீசாரும் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் நகலை நாமும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு கேட்பது? மருத்துவச் செலவு. வேலைக்குப் போகாத நாட்களின் கூலி. இனிமேல் குறையும் வருமானம். பட்ட வலி. இவை எல்லாம் கணக்கில் சேரும்.

"எனக்குச் சம்பளச் சீட்டு இல்லையே?" என்று கேட்பீர்கள். 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கர்நாடகத்தில் காய்கறி விற்ற ஓர் இளைஞர் விபத்தில் காலை இழந்தார். வருமானத்துக்கு எந்தக் காகிதமும் இல்லை. காய்கறி விற்பவரிடம் போய் வருமானச் சான்று கேட்பது தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டது.

2010இல் வந்த இன்னொரு தீர்ப்பு எனக்கு மறக்காது. உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம் என்று மட்டும் பார்த்தால் போதாது, அந்த ஊனத்தால் அவர் பிழைப்பு எவ்வளவு கெட்டது என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு கை போனால் அரசு அலுவலகக் குமாஸ்தாவுக்கு வேலை போகாமல் இருக்கலாம். தச்சருக்கு? பிழைப்பு முழுவதுமே போய்விடும். நான் இதைக் கேட்டபோது கலம்காரி வரைபவரின் மணிக்கட்டை நினைத்துக்கொண்டேன்.

தவறு யார் மேல் என்று நிரூபிக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. இறந்தால் 5,00,000 ரூபாய், படுகாயம் என்றால் 2,50,000 ரூபாய் என்று சட்டமே தொகையைக் குறித்திருக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொண்டால் கூடுதலாகக் கேட்கும் வழி அடைபடலாம். அதனால் எந்த வழியில் போவது என்று வக்கீலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு 2,00,000 ரூபாயும் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் திட்டம் 2022 முதல் இருக்கிறது. அதற்கு வருவாய்த் துறை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

நம் பக்கமும் தவறு இருந்தால்?

சைக்கிளில் போகிறவர் எல்லோரும் நியாயமாகப் போகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். இடது பக்கம் போக வேண்டும். திரும்பும் முன் கை காட்ட வேண்டும். இரவில் விளக்கு வேண்டும். விளக்கு இல்லை என்றால் பின்னால் மின்னும் சிவப்பு வில்லையாவது வேண்டும்.

ஆனால் சிறு தவறு இருந்தாலும் எல்லாம் போய்விடாது. பம்பாயில் சைக்கிளில் போன ஓர் இளைஞர் மாநகராட்சிப் பேருந்து மோதி இறந்தார். அந்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் பக்கமும் தவறு உண்டு என்றது. ஆனாலும் வழக்கைத் தள்ளவில்லை. அவர் பங்குக்குக் கழித்துக்கொண்டு மீதியைக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்னது.

நெதர்லாந்து என்று ஒரு நாடு. அங்கே சைக்கிள் அதிகம். அந்த நாட்டில் காரும் சைக்கிளும் மோதினால், பொறுப்பு காருக்கே என்று வைத்துக்கொண்டுதான் விசாரணையைத் தொடங்குவார்கள். பெரிய வண்டிக்குப் பெரிய பொறுப்பு. நியாயம்தானே?

வக்கீலுக்குப் பணம்?

இதுதான் நம்மை வீட்டிலேயே உட்கார வைத்துவிடும் கேள்வி. பதில் இருக்கிறது. 1987இல் இயற்றி, 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று உண்டு. அதன்படி இலவசமாக வக்கீல் கிடைப்பார். யாருக்கு? பெண்களுக்கு, பிள்ளைகளுக்கு, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு, ஊனமுற்றவர்களுக்கு. இவர்களுக்கு வருமானக் கணக்கு இல்லை. மற்ற ஏழைகளுக்கும் உண்டு. அவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள்.

இதற்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று பெயர். நம் பக்கம் பலகையில் "நியாய சேவாதிகார சம்ஸ்த" என்று தெலுங்கில் இருக்கும். மாவட்டக் குழு சித்தூர் நீதிமன்றத்தில் இருக்கிறது. போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எல்லோரும் ஒருமுறை சொல்லுங்கள். ஒன்று, ஐந்து, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.

மருத்துவமனை வாசலில் தரகர்கள் வருவார்கள். "கேஸை நான் முடித்துத் தருகிறேன், வரும் பணத்தில் பாதி எனக்கு" என்பார்கள். நம்பாதீர்கள். கிடைக்கும் பணத்தில் பங்கு பேசக் கூடாது என்று வக்கீல்களுக்கே பார் கவுன்சில் விதி இருக்கிறது.

சமாதானமாகப் போக விருப்பமா? போங்கள். ஆனால் திண்ணையில் அல்ல. லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் பேசுங்கள். அங்கே கட்டணம் இல்லை. இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் முடிவு. அந்த முடிவுக்குக் கோர்ட்டுத் தீர்ப்பின் பலம் உண்டு. ஆனால் அதன் மேல் அப்பீல் கிடையாது. அதனால் தொகை போதுமா என்று யோசித்த பிறகே சரி என்று சொல்லுங்கள்.

எங்களைப்போல் ஏற்கெனவே கைநாட்டு வைத்தவர்கள் இங்கே இருக்கலாம். ஆறு மாதம் ஆகவில்லை என்றால் நாளைக்கே சட்ட உதவிக்குப் போங்கள். படித்துக் காட்டாமல் வாங்கிய கைநாட்டு என்று அங்கே சொல்லுங்கள். ஒரு தாளோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கொத்தனார் அண்ணனின் வழக்கு இன்னும் நடக்கிறது. நான்காவது மாதமே மனுப் போட்டுவிட்டார்கள். இலவச வக்கீல்தான். எவ்வளவு வரும் என்று தெரியாது. வாய்தாவுக்கு அக்காவே போகிறார். ஒவ்வொரு தாளையும் வாங்கி, வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்கிறார். நேரம் ஆகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் காத்திருக்கிறார்கள். காத்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. போன மாதம் என் அப்பா இந்த வகுப்புக்கு வரத் தொடங்கினார். அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் பென்சில் நிற்கவில்லை. இடது கையால் எழுதப் பழகுகிறார். எழுத்து கோணலாகத்தான் வருகிறது. நேற்று ரேஷன் கடையில் மையை நீட்டினார்களாம். "வேண்டாம், பேனா கொடுங்கள்" என்றாராம். பெயர் எழுத ஐந்து நிமிடம் ஆனதாம்.

எழுதுவதற்கு முன் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டாராம். அதைத்தான் உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். படியுங்கள். படிக்க வராவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாவிட்டால் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.